ஊதா வெளிச்சத்தில் பத்து நிமிடம்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. பட்டறையில் என் பெயரே பட்டாசு. வாயில் காவலரிலிருந்து மேலாளர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேலை தெரிந்தவளுக்குத்தானே கோபம் வரும் என்று நினைத்துக்கொள்வேன். சரியான முட்டாள்தனம்.

அன்று காலை ஒரு சமையல்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு அக்குளிலும் கட்டைகள், இடது கையில் மாவுக்கட்டு, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அவருடைய செயற்கைக் கால் இருந்தது. அதை எடுத்து மேலாளரின் மேஜைமேல் வைத்தார். கால் இரண்டாகப் பிரிந்திருந்தது. தொடையின் மிச்சம் போய் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் தனியாக, அதன் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய அலுமினியத் தகடு தனியாக.

"நாலு மாசம் நல்லாத்தான் இருந்தது. நேத்து கொதிக்கிற பாத்திரத்தோட நடந்தேன். கால் பாதி வழியில நின்னுடுச்சு, நான் மட்டும் போயிட்டேன்" என்றார். அவர் சிரிக்க முயன்றார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பட்டறையில் இந்தக் கிண்ணத்தையும் தகட்டையும்தான் ஒட்டுகிறோம். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்த பிளாஸ்டிக் இருக்கிறதே, அது எதையும் அண்டவிடாத ஜாதி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு திரண்டு ஓடிவிடும். பசை தடவினால் காய்ந்தபின் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அதனால் முதலில் அதன் மேற்பரப்பை மாற்ற வேண்டும். அதற்கு ஓர் இயந்திரம் உண்டு, நாங்கள் அண்டா என்போம். கிண்ணங்களை நான்கு நான்காகத் தட்டில் அடுக்கி உள்ளே வைத்து, மூடி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு, மிச்சமிருக்கும் துளிக் காற்றில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் உள்ளே ஊதா வெளிச்சம் நிறையும். பிளாஸ்மா என்று பெயர். மூன்று நிமிடம் அதில் இருந்தால் போதும். வெளியே வரும் கிண்ணத்தின்மேல் தண்ணீர் விட்டால் உருளாது, பரவும். பசையும் அப்படியே பரவி, அலுமினியத்தோடு இறுகக் கவ்விக்கொள்ளும்.

அண்டா என் பொறுப்பு, பதினைந்து வருடமாக. பசை தடவி ஒட்டும் மேஜை என் ஓரகத்தியின் பொறுப்பு. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், கீழே அவள், மேலே நான். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அதை அவளுக்கு மறக்கவே விட்டதில்லை. அவளுடைய கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை, அந்த அடுப்பு இவள் சம்பளத்தில்தான் எரிகிறது. இதுவும் எனக்குத் தெரியும்.

மேலாளர் எங்கள் இருவரையும் மேஜையருகே கூப்பிட்டார். பிரிந்த கிண்ணத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அதில் பசை ஒரு துளிகூட இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது. பசை முழுக்க அலுமினியத்தோடு போயிருந்தது.

"பசை கிண்ணத்துல ஒட்டவே இல்ல. இது யாரோட தப்பு?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுல என்ன சார் கேள்வி? அண்டாவுல ஒரு கோளாறும் இல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் சொட்டு வெச்சுப் பார்த்துதான் அனுப்பறேன். அங்க மேஜையில என்ன நடக்குதுன்னு கேளுங்க. தினமும் காலைல வீட்ல உக்காந்து கையில க்ரீமைப் பூசிக்கிட்டு வர்றாங்க. என் கண்ணால பார்க்கறேன். க்ரீம் கையில கிண்ணத்தைத் தொட்டா எந்தப் பசை ஒட்டும்?"

"கையுறை போட்டுக்கறேனே" என்றாள் ஓரகத்தி. குரலே எழும்பவில்லை.

"கையுறை! அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டுத்தான் தட்டை முன்னாடி வெச்சு அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? ஆமை தோத்துடும் அக்கா உங்ககிட்ட. வேலை பண்ண வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

சமையல்காரர் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். க்ரீம் பட்ட கையால் தொட்டதே காரணம், குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையிலிருந்து விலகுகிறேன், இப்படிப் போனது அந்தத் தாள். நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கு நன்றாக வேண்டும் என்றே இருந்தது.

அவள்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரக் காரணம் உண்டு. அண்டாவிலிருந்து வந்த கிண்ணத்தை வைத்துக் கொண்டாட முடியாது. நேரம் ஆக ஆக அந்த மேற்பரப்பு மெல்ல மெல்லத் தன் பழைய புத்திக்குத் திரும்பிவிடும். கையோடு பசை தடவிவிட வேண்டும். இவளோ ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டாள், மாமியாருக்குத் தலைசுற்றல் என்று. தட்டு மறுநாள் வரை அப்படியே கிடந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அந்தத் தட்டை மறுபடி அண்டாவில் வைத்தேன். வைத்த கோபத்தில் மூன்று நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்துச் சொட்டு விட்டால், அடேயப்பா, தண்ணீர் கண்ணாடி மாதிரி பரவியது. பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு பரவலை நான் பார்த்ததில்லை.

அன்று முதல் அவள் மேஜையில் தட்டு தேங்கும் நாளெல்லாம் பத்து நிமிடம்தான். இவள் எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் கெடக் கூடாது, கூடுதலாகவே கொடுத்துவிடுவோம் என்று. பதிவேட்டில் மூன்று நிமிடம் என்று அச்சடித்தே இருக்கும், பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும், அவள் சோம்பலுக்கு நான் செய்யும் பரிகாரம் அது. ஆனால் அதற்குப் பிறகு அவள் இன்னும் மெதுவாகிவிட்டாள். நான் திட்டியதற்காக வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

சமையல்காரர் வந்த அன்று காலையும் அதே எரிச்சலோடு ஒரு தட்டை உள்ளே தள்ளிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெளியே எடுத்தேன்.

மதியம் சொட்டு என்னைத் தேடி வந்தார். சொட்டு என்பது எங்கள் சோதனைக்கூடத்துக்காரர். நாள் முழுக்கத் தண்ணீர்ச் சொட்டு விட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கோபமே வராத மனிதர். அவரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

"பட்டாசு, ஒரு நிமிஷம் வாங்க" என்றார்.

"உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு நேரம் போயிடும்."

"வாங்கன்னா."

போனேன். அவர் மேஜையில் காலையில் நான் எடுத்து வைத்த தட்டிலிருந்து ஒரு கிண்ணம் இருந்தது. கேட்காமல் எடுத்திருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு சண்டை போட வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல அந்தச் சமையல்காரர் கிண்ணம். க்ரீம் பட்டிருந்தா தண்ணி முத்து முத்தா நிக்கணும். நிக்கல. பாருங்க, ஓரளவு பரவுது. அப்போ க்ரீம் இல்ல. அலுமினியத்தோட போன பசையை லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். அது மேல பிளாஸ்டிக் பொடி மெல்லிசா ஒட்டியிருக்கு. சரி, இப்போ உங்க கிண்ணம்."

அவர் ஒரு சொட்டு விட்டார். கண்ணாடி மாதிரி பரவியது.

"பார்த்தீங்களா? எவ்வளவு அழகா இருக்கு!" என்றேன்.

"இருங்க" என்றார். அந்தக் கிண்ணத்தைக் குழாயடியில் காட்டி வெறும் தண்ணீரில் அலசினார். காற்றில் உலர்த்தினார். மறுபடி ஒரு சொட்டு விட்டார். அது பரவவில்லை. பாதி உருண்டையாக, குமிழ் மாதிரி எழுந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பண்ணீங்க அதை?"

"நான் ஒண்ணும் பண்ணல. வெறும் தண்ணி. மூணு நிமிஷம் வெச்சா மேற்பரப்பு மாறும், பிளாஸ்டிக்கோட சேர்ந்தே இருக்கும், அலசினாலும் போகாது. ரொம்ப நேரம் விட்டா மேல இருக்கறது துண்டு துண்டாகி, ஒட்டாத ஒரு தோலா நிக்கும். பொடி உதிர்ற சுண்ணாம்புச் சுவர் மேல பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும்? பெயிண்ட் பொடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பொடி சுவரைப் பிடிக்காது. சொட்டு வெச்சுப் பார்த்தா பிரமாதமா பரவும். மறுநாள் நாம இழுத்துப் பார்த்தாலும் காஞ்சு போய் தாங்கும். நாலு மாசம் வியர்வையும் ஈரமும் உள்ள போனா மொத்தமா கழண்டுக்கும்."

நான் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"உங்க நோட்டுல மூணு நிமிஷம்னு இருக்கு. அப்போ அண்டாவோட டைமர் கெட்டிருக்கணும். குறைஞ்சது பத்து நிமிஷம் ஓடியிருக்கு" என்றார். பாவி மனுஷன், என்மேல் துளிச் சந்தேகம்கூடப் படவில்லை. "மேலாளர்கிட்ட சொன்னேன். டைமரைப் பார்க்க ஆள் வர பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் க்ரீம்தான் காரணம், பேப்பர் பேப்பர்தான்னு சொல்லிட்டாரு. பாவம், அந்தம்மா."

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. இதையெல்லாம் இப்போது வந்து சொல்கிறாரே, பதினைந்து வருடமாக இவர் எங்கே போனார் என்று. பிறகு அந்தத் தண்ணீர்ச் சொட்டின்மேல் வந்தது. என்னைப் பார்த்துப் பல்லை இளித்துவிட்டு ஏமாற்றியிருக்கிறது. அச்சடித்த பதிவேட்டின்மேல் வந்தது. கடைசியில் போய் நிற்க இடமில்லாமல் என்மேல் வந்தது. பிறர்மேல் காட்டத்தான் எனக்குப் பழக்கம். என்மேல் காட்டத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றியது. டைமர் நன்றாக இருக்கிறது என்று பத்து நாள் கழித்துத் தெரியும். அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள், க்ரீம்தான் என்று முடிந்துவிடும். என் பதினைந்து வருடம் பத்திரமாக இருக்கும். அவள் கீழே அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் அவளைத் தாண்டி மாடி ஏறிப் போக வேண்டும். தினமும். அதோடு, அந்தப் பத்து நிமிடக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் இந்த நிமிடத்தில் நடந்துகொண்டிருக்கிறார்களோ. பசை மேஜைதான் தப்பு என்று எழுதி மூடிவிட்டால் அவர்களை யாரும் தேட மாட்டார்கள். ஒவ்வொருவராக விழுவார்கள்.

மூன்றே முக்காலுக்கு மேலாளர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். ஓரகத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பேப்பரைக் கிழிங்க சார்."

"இப்ப உனக்கு என்னம்மா?"

"டைமர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பத்து நிமிஷம் வெச்சேன். அஞ்சு மாசமா வெச்சிருக்கேன். நோட்டுல போட்ட கையெழுத்தெல்லாம் பொய். தப்பு என்னுது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "காலைல க்ரீம் க்ரீம்னு நீதானே கத்தினே?"

"கத்தினேன். ஒருத்தி கத்தினா அதை அப்படியே எழுதிடுவீங்களா? கையுறையைப் பார்த்தீங்களா? சொட்டு வந்து சொன்னாரே, அதைக் காதுல போட்டுக்கிட்டீங்களா? யாரு சத்தமாப் பேசறாங்களோ அவங்க சொல்றதுதான் இங்க சட்டமா?"

"குரலைக் குறை!"

"குறைக்க மாட்டேன். கிழிங்க."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். அடியில் கையெழுத்து இருந்தது. மை காய்ந்திருந்தது. நான்கு மணிவரை நேரம் கொடுத்திருந்தும் அவள் எப்போதோ போட்டுவிட்டாள்.

"ஏன் அக்கா போட்டீங்க?" எனக்கு ஆத்திரமாக வந்தது. "செய்யாத தப்புக்கு ஏன் போட்டீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவ்வளவு உறுதியா சொன்னே. பதினஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கறவ, உனக்குத் தெரியாததா? நானும் யோசிச்சுப் பார்த்தேன். க்ரீம் போடறது நிஜம். என்னைக்காவது கையுறை கிழிஞ்சிருக்கும், நான் கவனிச்சிருக்க மாட்டேன். அந்த மனுஷன் கையில கட்டோட நின்னாரே, அதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டேன். மதியம் பூரா அதையேதான் நெனச்சேன்."

அவள் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் கோபத்தை அவள் உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் போட்டே நான் அவளை நம்ப வைத்திருக்கிறேன்.

மேலாளர் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி, எந்தெந்தத் தட்டு பத்து நிமிஷம்?"

என்னிடம் கணக்கில்லை. எல்லாப் பக்கத்திலும் மூன்று என்றுதான் இருக்கிறது.

"சூடா வந்த தட்டா?" என்று கேட்டாள் ஓரகத்தி.

அவள் தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு தட்டின் எண்ணுக்கும் பக்கத்தில் அவளுடைய குண்டு குண்டு எழுத்து. சிலவற்றின் பக்கத்தில் மட்டும் 'சூடு' என்று எழுதியிருந்தது.

"அஞ்சு மாசமா சில தட்டு சுடச்சுட வருது. சூட்டுல பசை தடவினா இளகி ஓடிடும். ஆறட்டும்னு உக்காந்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆறணும்னு எழுதி வெச்சுக்குவேன்." அவள் குரல் இப்போது ஏறியது. "ஆறினா போதும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், நீ வந்து ஆமைம்பே. வேடிக்கை பார்க்கறேம்பே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா!"

"கேட்டேன்டி!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஏன் சூடா வருதுன்னு முதல் வாரமே வந்து கேட்டேன். 'அண்டா வேலை எனக்குத் தெரியும், நீங்க உங்க வேலையைப் பாருங்க'ன்னு எல்லார் முன்னாடியும் மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னே. உனக்கு ஞாபகம்கூட இருக்காது. தினமும் பத்துப் பேரை இப்படிச் சொல்றவளுக்கு எது ஞாபகம் இருக்கும்?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை.

அவள் எண்ணிச் சொன்னாள். சூடாக வந்தவை பதினொரு தட்டுகள். நாற்பத்து நான்கு கிண்ணங்கள். சமையல்காரரைக் கழித்தால் நாற்பத்து மூன்று பேர். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கடிதம் போட்டுவிடலாம் என்றார்.

"கடிதம் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்க நடந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. இப்பவே கூப்பிடணும். இவளே கூப்பிடட்டும்" என்றாள் ஓரகத்தி.

என்னை அண்டாவிலிருந்து எடுத்துவிட்டதாக மேலாளர் சொன்னார், மற்றது பிறகு என்றார். நான் தலையாட்டினேன். பட்டறையின் நடுவில் இருக்கும் தொலைபேசியடியில் உட்கார்ந்தோம். அவள் நோட்டையும் முகவரிப் பட்டியலையும் ஒப்பிட்டு எண்ணைப் படித்தாள், நான் அழுத்தினேன். வேறு ஒரு வார்த்தை எங்களுக்குள் இல்லை. ஒரு கணக்கு வாத்தியார் ஏன் எதற்கு என்று குடைந்தார். ஒரு லாரிக்காரர் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், கேட்டுக்கொண்டேன். ஒரு தாத்தா, கால் நன்றாகத்தான் இருக்கிறது, கழற்ற முடியாது போ என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு அவர் பேரனிடம் சொன்னேன்.

பதின்மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். நான் பாடம் மாதிரி ஆகிவிட்டதைச் சொன்னேன், கால் கழன்றுகொள்ளலாம், உடனே கழற்றி வையுங்கள், வேறு கால் தருவோம் என்று.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது" என்றாள் அவள். மெல்லப் பேசினாள், பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது போல. "ஒரு வாரமாவே ஆடுது. டேப் சுத்தி வெச்சிருக்கேன். நான் கொஞ்சம் குண்டு. என் கனத்துலதான் விட்டுடுச்சுன்னு நெனச்சேன். சொன்னா திட்டுவீங்களோன்னு யார்கிட்டயும் சொல்லல."

தொலைபேசியின் ஒலி கூடுதலாக இருந்ததால் ஓரகத்திக்கும் அது கேட்டது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா, உங்க மேல தப்பு இல்ல" என்றேன். குரல் பாதிதான் வந்தது. "தப்பு என்னுது."

ஓரகத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். பசை மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படித்தாள்.